கிட்டார் ஸ்பீக்கரை ஆம்ப்புக்குப் பொருத்துவது எப்படி? விவரத்தாளைப் படிக்க ஒரு முழு வழிகாட்டி

ஸ்பீக்கர் வாங்க நினைப்பவரின் கண் முதலில் போய் நிற்பது வாட் எண்ணில்தான். 60 வாட் ஸ்பீக்கர் 30 வாட் ஸ்பீக்கரைப்போல இரண்டு மடங்கு சத்தம் போடும் என்று மனசு தானாகவே கணக்குப் போட்டுவிடும். ஆனால் ஸ்பீக்கர்மேல் எழுதியிருக்கும் வாட், அது எவ்வளவு சக்தியைத் தாங்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. சத்தத்தைச் சொல்லும் எண் அதே தாளில் வேறொரு வரியில் டெசிபெல் கணக்கில் இருக்கும். பலரும் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

விவரத்தாளை எந்த வரிசையில் அச்சிட்டிருந்தாலும் படிக்க வேண்டிய வரிசை ஒன்றுதான். முதலில் ஓம் (ஸ்பீக்கர் மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை), பிறகு வாட், அதன்பின் டெசிபெல். ஓம் தப்பினால் அடி வாங்குவது ஆம்ப், அதாவது கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் கருவி. வாட் தப்பினால் ஸ்பீக்கர் கருகும். டெசிபெல் தப்பினால் எதுவும் கெடாது, ஆனால் எதிர்பார்த்த சத்தம் வராது, அல்லது தேவைக்கு மேல் வரும். ஒத்ததிர்வு, காந்தம், காயில் (ஸ்பீக்கரின் காகிதக் கூம்பான கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) அளவு என்று மீதி இருப்பதெல்லாம் தொனி சம்பந்தப்பட்டவை. முதல் மூன்றும் சரியாக அமைந்த பிறகு அவற்றை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: ஆம்ப்பின் முதுகைப் பாருங்கள்

ஸ்பீக்கரைப் பற்றி யோசிக்கும் முன் ஆம்ப்பைத் திருப்பி, ஸ்பீக்கர் ஜாக் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்பில் 4, 8, 16 ஓம் என்று தனித்தனி ஜாக்குகளோ ஒரு திருகு சுவிட்சோ இருக்கும். சில ஆம்ப்களில் ஒரே ஒரு மதிப்புதான் இருக்கும். ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் 4 ஓமுக்காகக் கட்டப்பட்டது. அதில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்கள் பேரலலாக (பக்க இணைப்பாக) இருக்கும். நான்கு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பழைய ஃபெண்டர் பாஸ்மேனில் நான்கு 8 ஓம் ஸ்பீக்கர்களையும் பேரலலாகக் கோத்ததால் மொத்தம் 2 ஓம்தான். அதற்குரிய டிரான்ஸ்ஃபார்மரும் அதற்கேற்றபடி சுற்றப்பட்டது.

டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் பெரும்பாலும் "குறைந்தபட்சம் 4 ஓம்" என்ற மாதிரி இருக்கும். இந்தக் "குறைந்தபட்சம்" என்ற சொல்தான் இரண்டு வகை ஆம்ப்களையும் பிரிக்கும் கோடு. ஆம்ப்பின் வாட், வால்வா டிரான்சிஸ்டரா, எத்தனை ஓம் என்ற மூன்றையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் கேபினெட்டுக்கு (ஸ்பீக்கர் பெட்டிக்கு) இரண்டாவது ஜாக் இருந்தால், அது உள்ளே இருக்கும் ஸ்பீக்கருக்குப் பேரலலாகச் சேர்வதுதான் வழக்கம். உள்ளே 8 ஓம், வெளியே 8 ஓம் என்றால் ஆம்ப் பார்ப்பது 4 ஓம்.

படி 2: ஓம் கணக்கு

ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் "8 ஓம்" ஒரு பெயரளவு மதிப்பு. உண்மையான இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கு எழும் தடை) அதிர்வெண்ணைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். கோன் இயல்பாக ஆட விரும்பும் ஒத்ததிர்வு அதிர்வெண்ணில், அதாவது 75 ஹெர்ட்ஸ் பக்கத்தில், அது மலைபோல் ஏறி எழுதிய மதிப்பைவிடப் பல மடங்கு ஆகிவிடும். சில நூறு ஹெர்ட்ஸில் இறங்கி 8 ஓமுக்கு அருகே வரும். அதற்கு மேல் காயிலின் இண்டக்டன்ஸால் (அதிர்வெண் கூடக் கூட மின்னோட்டத்தை எதிர்க்கும் தன்மையால்) மறுபடியும் ஏறும். அந்தப் பள்ளத்தின் மதிப்பைத்தான் ஏறக்குறைய முழு எண்ணாக்கிப் பெயரில் போடுகிறார்கள்.

மல்டிமீட்டர் வைத்தால் 8 ஓம் ஸ்பீக்கர் ஏன் 6.5 காட்டுகிறது என்று பயப்பட வேண்டாம். மீட்டர் அளப்பது காயிலின் நேர்மின் தடையை. அது எப்போதும் பெயரளவு ஓமைவிடக் குறைவாகவே இருக்கும். 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 3.5 வரையும், 8 ஓம் 6 முதல் 7 வரையும், 16 ஓம் 11 முதல் 13 வரையும் காட்டினால் சரி. பழைய கேபினெட் கைக்கு வந்தால், கேபிளைச் செருகி அதன் மறுமுனையில் மீட்டரை வைத்தாலே மொத்த மதிப்பு தெரிந்துவிடும். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பது அதில் தெரியாது. இரண்டு ஸ்பீக்கர் கேபினெட் 6.5 காட்டினால் இரண்டு 16 ஓம் பேரலலாக இருக்கலாம், இரண்டு 4 ஓம் சீரிஸாகவும் (தொடர் இணைப்பாகவும்) இருக்கலாம். பின்பலகையைக் கழற்றிப் பார்ப்பதுதான் வழி.

இனி வால்வு ஆம்ப். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் ஸ்பீக்கரின் ஓமைப் பெருக்கி வால்வுகளுக்குக் காட்டுகிறது. உதாரணமாக 8 ஓம் ஜாக்கில் 8 ஓம் செருகினால் வால்வுகள் 4000 ஓம் பார்க்கும்படி ஒரு டிரான்ஸ்ஃபார்மர் சுற்றப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே ஜாக்கில் 4 ஓம் செருகினால் வால்வுகள் பார்ப்பது 2000. 16 ஓம் செருகினால் 8000. முதல் தவறில் மின்னோட்டம் கூடி வால்வுகள் சூடேறிச் சீக்கிரம் தேயும். இரண்டாவதில் மின்னழுத்த ஊசலாட்டம் கூடும். திடீரென எழும் உச்ச மின்னழுத்தம் டிரான்ஸ்ஃபார்மரின் காப்பையோ வால்வு சாக்கெட்டையோ துளைத்துக்கொண்டு பாயலாம். ஒரு மடங்கு வித்தியாசத்தைப் பல ஆம்ப்கள் பொறுத்துக்கொள்வது உண்மைதான். பழைய ஃபெண்டர்களுக்கு அந்தப் பெயர் உண்டு. ஆனால் பொறுத்துக்கொள்ளும் என்பதற்காகத் தினமும் அப்படி வாசிக்கலாம் என்று ஆகாது. பொருத்தமான ஜாக் பக்கத்திலேயே இருக்கும்போது தவறானதில் செருக ஒரு காரணமும் இல்லை.

மிக மோசமானது ஸ்பீக்கரே இல்லாமல் வால்வு ஆம்ப்பை ஓட்டுவது. சக்தி போக இடமில்லாமல் டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் எகிறும். முதலில் ஸ்பீக்கர் கேபிள், பிறகு ஸ்டாண்ட்பை சுவிட்ச் என்பதை மாற்றாத வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது ஓம் சுவிட்சைத் திருகக்கூடாது என்பதற்கும் இதேதான் காரணம். திருகும் அந்த நொடியில் இணைப்பு விட்டுப்போகலாம்.

டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்குச் சட்டம் தலைகீழ். ஓம் கூடினால் ஆபத்து இல்லை, சக்திதான் குறையும். 4 ஓமில் 100 வாட் தரும் ஆம்ப் 8 ஓமில் சுமார் 50 முதல் 60 வாட் தரும். கேட்பவர் காதுக்கு அது அதிகபட்சம் சுமார் 3 டெசிபெல் இழப்பு. ஆனால் குறிப்பிட்ட குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே போனால் அவுட்புட் டிரான்சிஸ்டர்களுக்கு மின்னோட்டம் எல்லை மீறும். பாதுகாப்புச் சுற்று இருந்தால் சத்தம் நிற்கும், இல்லாவிட்டால் புகை வரும்.

ஸ்பீக்கர்களைக் கோர்க்கும் கணக்கு எளிது. ஒரே ஓம் கொண்ட இரண்டைப் பேரலலாக இணைத்தால் மதிப்பு பாதியாகும், சீரிஸாக இணைத்தால் இரட்டிப்பாகும். இரண்டு 8 ஓம் பேரலலில் 4, சீரிஸில் 16. நான்கு ஸ்பீக்கர்களை இரண்டிரண்டாகச் சீரிஸில் கோத்து அந்த இரு ஜோடிகளையும் பேரலலாகச் சேர்த்தால், மொத்தம் ஒரு ஸ்பீக்கரின் ஓமுக்கே திரும்பி வரும். மார்ஷல் 1960 கேபினெட் இதற்கு நல்ல பாடம். நான்கு 16 ஓம் ஸ்பீக்கர்கள், பின்னால் ஒரு சுவிட்ச். மோனோவில் 16 அல்லது 4 ஓம், ஸ்டீரியோவில் பக்கத்துக்கு 8 ஓம். மூன்று எண்களும் எப்படி வருகின்றன என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட்டால், கோர்ப்பதைப் பற்றித் தெரிந்துகொள்ள இனி அதிகம் இல்லை.

வேறு வேறு ஓம் கொண்ட ஸ்பீக்கர்களைக் கலக்காதீர்கள். 8 ஓமையும் 16 ஓமையும் பேரலலாகச் சேர்த்தால் மொத்தம் 5.33 ஓம் என்ற எந்த ஜாக்குக்கும் பொருந்தாத மதிப்பு வரும். அதோடு 8 ஓம் ஸ்பீக்கர் மூன்றில் இரண்டு பங்கு சக்தியை இழுத்துக்கொள்ளும். சீரிஸில் இது மாறி 16 ஓம் ஸ்பீக்கர் அதிகம் எடுக்கும்.

பேரலலா சீரிஸா என்று தேர்ந்தெடுக்க முடிந்தால் நான் பேரலலைத்தான் எடுப்பேன். சீரிஸில் ஒரு காயில் அறுந்தால் சுற்றே அறுந்துவிடும், வால்வு ஆம்ப் சுமையில்லாமல் நிற்கும். பேரலலில் மற்ற ஸ்பீக்கராவது மிஞ்சும். 8 ஓம் ஒன்றா, 16 ஓம் ஒன்றா தொனி நல்லது என்ற முடிவில்லாத வாக்குவாதத்தில் இறங்க வேண்டாம். உங்கள் ஆம்ப்புக்கும் பிற்காலத்தில் சேர்க்கப்போகும் கேபினெட்டுக்கும் எது கணக்கில் பொருந்துகிறதோ அதை வாங்குங்கள்.

படி 3: வாட் என்றால் சூடு

கிட்டார் ஸ்பீக்கர் மின்சக்தியை ஒலியாக்குவதில் மகா ஊதாரி. 1 வாட்டில், 1 மீட்டர் தூரத்தில் 100 டெசிபெல் தரும் நல்ல ஸ்பீக்கரே சுமார் 6 சதவீத சக்தியைத்தான் ஒலியாக மாற்றுகிறது. மீதி அத்தனையும் வாய்ஸ் காயிலில் சூடாகிறது. சுண்டு விரல் தடிமன்கூட இல்லாத இடைவெளிக்குள் மெல்லிய கம்பிச் சுருள், அதில் பல பத்து வாட் சூடு. அந்தச் சூட்டில் பசை இளகாமல், கம்பியின் பூச்சு கருகாமல், சுருள் சுற்றிய குழல் வளையாமல் எவ்வளவு தாங்கும் என்பதன் கணக்குதான் வாட் மதிப்பீடு. பழைய ஸ்பீக்கர்களில் அந்தக் குழல் காகிதம். இன்று பாலிஇமைடு போன்ற சூடு தாங்கும் பொருள்களில் செய்வதால் அதே அளவு ஸ்பீக்கர் கூடுதல் வாட் தாங்குகிறது. காயிலின் விட்டம் பெரிதானால் சூடு பரவ இடமும் கூடும்.

ஆம்ப்புக்கு எத்தனை வாட் ஸ்பீக்கர் வேண்டும்? இதில்தான் கிட்டார் மற்ற ஒலிக் கருவிகளிலிருந்து மாறுபடுகிறது. ஆம்ப்பின் வாட், அலை தட்டையாகத் தொடங்கும் முன் அளந்த சுத்தமான சக்தி. நாமோ அதைத் தாண்டி டிஸ்டார்ஷனுக்குள் (ஒலி சிதைந்து கரகரக்கும் நிலைக்குள்) தள்ளியே வாசிக்கிறோம். சைன் அலை முழுக்கச் சதுர அலையாகிவிட்டால், அதே உச்ச மின்னழுத்தத்தில் சராசரி சக்தி கணக்குப்படி இரட்டிப்பாகும். நிஜத்தில் மின்வழங்கி தளர்வதால் முழு இரட்டிப்பு வருவதில்லை. என்றாலும் 50 வாட் வால்வு ஆம்ப்பை முழுதாகத் திறந்தால் 50 வாட்டை நன்றாகவே தாண்டும்.

ஆகவே ஒற்றை ஸ்பீக்கருக்கு ஆம்ப்பின் வாட்டைப்போல இரண்டு மடங்கு என்று வைத்துக்கொண்டால் கவலை இல்லை. ஒன்றரை மடங்கு, பார்த்து வாசிப்பவர்களுக்குப் போதும். பல ஸ்பீக்கர் கொண்ட கேபினெட்டில் சக்தி பங்காகப் பிரிகிறது. ஒரே ஓம் கொண்ட ஸ்பீக்கர்கள் என்றால் சமபங்கு. இங்கே நினைவில் வைக்க வேண்டியது, கேபினெட்டின் தாங்குதிறன் அதிலுள்ள பலவீனமான ஸ்பீக்கரை வைத்து நிர்ணயமாகிறது என்பது. 25 வாட் ஒன்றும் 60 வாட் ஒன்றும் சேர்ந்தால் கூட்டல் 85 அல்ல. இரண்டுக்கும் ஒரே பங்கு போவதால் 25 வாட் ஸ்பீக்கர் 25-ஐ எட்டும் நொடியில் மொத்தம் 50. அதுதான் எல்லை.

பழைய ஆம்ப்கள் இந்தச் சட்டத்தை மீறித்தானே கட்டப்பட்டன என்று கேட்கலாம். உண்மை. வாக்ஸ் ஏசி30 ஆம்ப்பில் செலெஸ்டியன் நிறுவனத்தின் 15 வாட் ப்ளூ ஸ்பீக்கர் இரண்டு, சரியாக 30 வாட். 100 வாட் மார்ஷலுக்கு அதே நிறுவனத்தின் 25 வாட் கிரீன்பேக் நான்கு கொண்ட ஒரு கேபினெட் என்றால் அங்கேயும் மிச்சமே இல்லை. எல்லையில் நின்று வாசிக்கும்போது கோன் நெகிழ்ந்து தன் பங்குக்குச் சற்றே கரகரப்பைச் சேர்க்கும். அந்த ஒலிக்காகவே சிலர் துணிந்து அப்படிப் பொருத்துகிறார்கள். அந்தக் காலத்தில் ஸ்பீக்கர்கள் அடிக்கடி போனதும் அதே கதையின் மறுபக்கம். ஒலி பிடித்திருந்து, மறுபடி கோன் போடும் செலவுக்கும் தயார் என்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

மறுகோடியில் 5 வாட் ஆம்ப்புக்கு 200 வாட் தாங்கும் எலக்ட்ரோவாய்ஸ் ஈவிஎம்12எல் வைத்தால் ஏதாவது கெடுமா? ஒன்றும் கெடாது. ஆம்ப் தருவது 5 வாட்தான், ஸ்பீக்கர் அதைத் தூங்கிக்கொண்டே தாங்கும். கோன் துளியும் கசங்காமல் சுத்தமாக ஒலிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சூடு மட்டுமே ஸ்பீக்கரைக் கொல்வதில்லை. தாழ்ந்த ஒலிகளில் கோன் அதிக தூரம் முன்னும் பின்னும் போகும். நான்கு கம்பி பாஸ் கிட்டாரின் கீழ் ஈ 41 ஹெர்ட்ஸ். சாதாரண கிட்டாரின் கீழ் ஈ 82. பாஸைக் கிட்டார் ஸ்பீக்கரில் சத்தமாக வாசித்தால், வாட் எல்லைக்கு வெகு முன்பே காயில் தன் இடைவெளியை விட்டு வெளியே துள்ளிப் பின்தட்டில் முட்டும். ஆக்டேவ் பெடலுக்கும் மிகத் தாழ்த்திய டியூனிங்குக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

படி 4: சத்தம் இருக்கும் இடம்

சென்சிடிவிட்டி என்ற வரியைத் தேடுங்கள். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளந்த டெசிபெல் அது. கிட்டார் ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் 95-க்கும் 102-க்கும் நடுவே இருக்கும். எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் வித்தியாசம் அற்பம் என்று தோன்றும். ஆனால் டெசிபெல் மடங்குக் கணக்கு. 3 டெசிபெல் கூட வேண்டுமானால் சக்தி இரட்டிப்பாக வேண்டும். 10 டெசிபெல்லுக்குப் பத்து மடங்கு. காதுக்கு அந்தப் பத்து டெசிபெல்தான் ஏறக்குறைய "இரண்டு மடங்கு சத்தம்".

இரண்டு பிரபல ஸ்பீக்கர்களை எடுத்துக்கொள்வோம். செலெஸ்டியன் விண்டேஜ் 30, 60 வாட், 100 டெசிபெல். செலெஸ்டியன் ஜி12டி-75, 75 வாட், 97 டெசிபெல். வாட் எண்ணை மட்டும் பார்த்தவர் இரண்டாவதுதான் சத்தமானது என்று எடுத்துப் போவார். கணக்கோ வேறு சொல்கிறது. விண்டேஜ் 30-ஐ 15 வாட்டில் ஓட்டினால் 100-உடன் 11.8 சேர்ந்து 111.8 டெசிபெல். ஜி12டி-75-ஐ 30 வாட்டில் ஓட்டினால் 97-உடன் 14.8 சேர்ந்து அதே 111.8. பாதி சக்தியில் அதே சத்தம். 15 வாட் தாங்கும் செலெஸ்டியன் ப்ளூவும் 100 டெசிபெல்தான் என்பதைக் கவனியுங்கள். தாங்குதிறன் நான்கில் ஒரு பங்கு, ஒரு வாட்டுக்கு எழும் சத்தம் சமம்.

டிரம்ஸுக்கு ஈடுகொடுக்கத் திணறும் சின்ன ஆம்ப் கையில் இருந்தால், பெரிய ஆம்ப் வாங்கும் முன் சென்சிடிவிட்டி கூடிய ஸ்பீக்கரை மாற்றிப் பாருங்கள். செலவு குறைவு, பலன் அதே. வீட்டில் வால்வு ஆம்ப்பை ஓரளவு திறந்தே வாசிக்க ஆசைப்படுபவர்களுக்கு நேரெதிர். 95, 97 டெசிபெல் ஸ்பீக்கர் தேடுங்கள். அதற்காக 3 டெசிபெல் குறைந்தால் பக்கத்து வீட்டுக்காரர் சமாதானமாவார் என்று எதிர்பார்க்காதீர்கள். அது கொஞ்சம் உதவும், அவ்வளவே.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, இந்த எண் பல அதிர்வெண்களின் சராசரி. மிட் ஒலிகளில் உச்சி தூக்கிய ஸ்பீக்கர், அதே எண் கொண்ட தட்டையான ஸ்பீக்கரைவிடக் காதில் சத்தமாகக் கேட்கும், ஏனெனில் நம் காது கூர்மையாக இருப்பதும் அந்த இடத்தில்தான். மேலும் ஒவ்வொரு நிறுவனமும் அளக்கும் முறை கொஞ்சம் வேறுபடும். ஒரே நிறுவனத்தின் இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது இந்த எண்ணை முழுதாக நம்பலாம். இரண்டு நிறுவனங்களுக்கு நடுவே 1 டெசிபெல் வித்தியாசத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

இரண்டாவது, காயில் சூடேற ஏற அதன் தடை கூடும். செம்பு 100 டிகிரி சூடேறினால் தடை சுமார் 39 சதவீதம் உயரும். அதனால் முதல் பாட்டில் இருந்த சத்தம் மணிக்கணக்கில் ஓங்கி வாசித்த பிறகு சற்றுக் குறையும். தாளில் போட்ட கூட்டல் கணக்கு குளிர்ந்த காயிலுக்கு உரியது.

ஒரே ஆம்ப்பின் சக்தியை ஒரு ஸ்பீக்கருக்குப் பதில் இரண்டுக்குப் பிரித்தால், தாழ்ந்த ஒலிகளில் இரண்டு கோன்களும் சேர்ந்து காற்றைத் தள்ளுவதால் சுமார் 3 டெசிபெல் ஆதாயம் கிடைக்கும். இரண்டு ஸ்பீக்கர் கேபினெட் "பெரிதாக" ஒலிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

படி 5: தொனி சொல்லும் எண்கள்

இங்கிருந்து எதுவும் உடையாது, விருப்பம்தான் பேசும். விவரத்தாளும் இங்கிருந்து கொஞ்சம் பொய் சொல்லத் தொடங்கும்.

ஒத்ததிர்வு அதிர்வெண், கோனும் அதைத் தாங்கும் விளிம்பும் இயல்பாக ஆட விரும்பும் இடம். பெரும்பாலான 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர்களில் 75 முதல் 85 ஹெர்ட்ஸ். சிலவற்றில் 55. குறைந்த எண் என்றால் கீழ் ஒலி இளகி ஆழமாக வரும், கூடிய எண் என்றால் இறுகி வெட்டென்று நிற்கும். வால்வு ஆம்ப்பில் இதற்குக் கூடுதல் அர்த்தம் உண்டு. ஒத்ததிர்வில் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் மலைபோல் ஏறும் என்று முன்பு பார்த்தோம். வால்வு ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் அதிகம் என்பதால் அந்த இடத்தில் அது கூடுதல் மின்னழுத்தம் தருகிறது. மேல் ஒலிகளிலும் அப்படியே. அதனால்தான் ஒரே ஸ்பீக்கர் வால்வு ஆம்ப்பில் துள்ளலாகவும் பல டிரான்சிஸ்டர் ஆம்ப்களில் அடங்கியும் ஒலிக்கிறது.

அதிர்வெண் வீச்சு பெரும்பாலும் 70 அல்லது 75 முதல் 5000 ஹெர்ட்ஸ் என்றே இருக்கும். இதைப் பார்த்து ஏதோ குறை என்று நினைக்க வேண்டாம். 24 கட்டை (ஃப்ரெட்) கிட்டாரின் உச்ச ஸ்வரமே 1319 ஹெர்ட்ஸுக்குள்தான். அதற்கு மேல் இருப்பவை மேற்சுரங்கள். 5000-க்கு மேல் ஸ்பீக்கர் சரிந்து விழுவதால்தான் டிஸ்டார்ஷனின் தேனீ இரைச்சல் நம் காதுக்கு வராமல் போகிறது. கேபினெட் ஒலியையும் சேர்த்தே உருவாக்கும் மாடலிங் கருவியை வைத்திருப்பவர்களுக்குக் கிட்டார் ஸ்பீக்கர் பொருந்தாது. வடிகட்டியதை மறுபடி வடிகட்டினதாகிவிடும். அவர்களுக்கு முழு வீச்சு ஸ்பீக்கர் வேண்டும், அல்லது கருவியில் கேபினெட் பகுதியை அணைக்க வேண்டும்.

வரைபடம் இருந்தால் அதுதான் தாளிலேயே பயனுள்ள பகுதி. மூன்று இடங்களைப் பாருங்கள்: 100 ஹெர்ட்ஸ் பக்கத்துப் புடைப்பு, 400 முதல் 800 வரை பள்ளமா மேடா என்பது, 2000 முதல் 4000 வரை எவ்வளவு ஏறுகிறது என்பது. கடைசியில் பெரிய உச்சி இருந்தால் இசைக்குழுவுக்கு நடுவே கிட்டார் துலங்கும், தனியாக வாசிக்கும்போது காதைக் குத்தலாம். செங்குத்து அச்சில் ஒரு கட்டம் 5 டெசிபெல்லா 10 டெசிபெல்லா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 10 என்று போட்டால் எந்த ஸ்பீக்கரும் தட்டையாகத்தான் தெரியும். அளந்ததும் கோனுக்கு நேர் எதிரே. 12 அங்குல ஸ்பீக்கரின் மேல் ஒலிகள் டார்ச் வெளிச்சம்போல் குவிந்து போவதால், ஓரமாக நிற்பவருக்கு மந்தமாகவும் நேரே நிற்பவருக்குக் கூர்மையாகவும் கேட்கும். ஆம்ப் காலடியில் இருக்க, தலை அதற்கு மேலே இருக்க, டிரெபிளைத் திருகிக்கொண்டே போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் முன்வரிசைக்காரர்களின் காது தப்பும்.

காந்தத்தைப் பற்றிக் கதைகள் அதிகம். அல்நிகோ மென்மை, செராமிக் முரட்டுத்தனம் என்பதெல்லாம் மேலோட்டமான பேச்சு. கோனின் காகிதம், விளிம்பு, நடுமூடி இவை தொனியை அதைவிட அதிகம் தீர்மானிக்கின்றன. காந்தத்தின் அளவுக்கு நிச்சயமான ஒரு விளைவு உண்டு. செலெஸ்டியனின் ஜி12எம் வரிசையில் 35 அவுன்ஸ் காந்தம், ஜி12ஹெச் வரிசையில் 50 அவுன்ஸ். பெரிய காந்தம் காயிலை இறுக்கிப் பிடிப்பதால் சென்சிடிவிட்டி கூடி, கீழ் ஒலி கட்டுப்பாட்டில் நிற்கும். நியோடிமியத்தின் உண்மையான வரம் எடைக் குறைவு. கேபினெட்டைத் தூக்கிப் படியேறுபவருக்கு அது தொனியைவிட முக்கியம்.

படி 6: பெட்டி

பின்பக்கம் திறந்த பெட்டியில் கோனின் பின் ஒலி முன் ஒலியைச் சுற்றி வந்து கீழ் ஒலிகளை ஓரளவு அழித்துவிடும். ஒலி அறை முழுக்கப் பரவும். மூடிய பெட்டியில் கீழ் ஒலி இறுகும், உள்ளே அடைபட்ட காற்று கோனின் துள்ளலையும் கட்டுப்படுத்தும். ஆகவே தாளில் 75 ஹெர்ட்ஸ் என்று இருப்பது மூடிய சின்னப் பெட்டிக்குள் போனதும் மேலே ஏறிவிடும். காம்போ ஆம்ப்பில் (ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் உள்ளது) மாற்றுகிறீர்கள் என்றால் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். பெரிய காந்தம் டிரான்ஸ்ஃபார்மரிலோ வால்விலோ இடிக்கும் பெட்டிகள் உண்டு.

ஒரு முழுக் கணக்கு

கையில் 50 வாட் வால்வு ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்), 4, 8, 16 ஓம் ஜாக்குகளுடன். இரண்டு 12 அங்குல மூடிய கேபினெட். கிரீன்பேக்கின் இளக்கமும் விண்டேஜ் 30-இன் கூர்மையும் கலந்து வேண்டும்.

ஓம்: இரண்டையும் 16 ஓமில் வாங்கிப் பேரலலாகக் கோத்தால் 8. ஹெட்டின் 8 ஓம் ஜாக். இரண்டும் 8 ஓமாக இருந்தால் 4 ஓம் ஜாக், அதுவும் சரிதான். ஆனால் பின்னால் இதேபோல் இன்னொரு கேபினெட் சேர்த்தால் முதல் வழியில் 4 ஓம் கிடைக்கும், இரண்டாவதில் 2 ஓம் ஆகி ஹெட்டில் இடமே இருக்காது. 16 ஓமே நல்லது.

வாட்: கிரீன்பேக்குக்கு 25 வாட், விண்டேஜ் 30-க்கு 60 வாட். பலவீனமானது 25, கேபினெட் எல்லை 50. ஹெட்டும் 50. முழுதாகத் திறந்தால் தாண்டும், அடி வாங்குவது கிரீன்பேக். எனவே அதன் இடத்தில் 65 வாட் தாங்கும் ஜி12எம்-65 கிரீம்பேக். இப்போது பலவீனமானது 60, எல்லை 120.

டெசிபெல்: கிரீம்பேக்குக்கு 97, விண்டேஜ் 30-க்கு 100. ஒரே சக்தி இரண்டுக்கும் போகும்போது விண்டேஜ் 30 முந்திக்கொள்ளும், கலவை அதன் பக்கம் சாயும். சமமாக வேண்டுமானால் 75 வாட், 100 டெசிபெல் கொண்ட ஜி12ஹெச்-75 கிரீம்பேக்கைப் பார்க்கலாம். சாய்வு பிடித்திருந்தால் அப்படியே விடலாம். மைக் வைத்து ஒலிப்பதிவு செய்பவர்களுக்கு இந்த வித்தியாசம் பொருட்டே இல்லை. எந்தக் கோனுக்கு எதிரே மைக் நிற்கிறதோ அதுதான் பதிவாகும்.

கோர்த்து ஓட்டும்போது

கேபினெட்டுக்குப் போகும் கேபிள் ஸ்பீக்கர் கேபிளாகவே இருக்கட்டும். கிட்டார் கேபிளும் அதே பிளக் கொண்டதுதான், செருகினால் ஒலியும் வரும். ஆனால் அதன் நடுக்கம்பி மெல்லியது, இந்த மின்னோட்டத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. சூடேறி உருகினால் வால்வு ஆம்ப் சுமையில்லாமல் நிற்கும், அல்லது ஷார்ட் ஆகி டிரான்சிஸ்டர் ஆம்ப் போகும்.

ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்பீக்கர் என்றால் துருவத்தைச் சரிபாருங்கள். ஆம்ப்பைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸை ஸ்பீக்கரின் பிளஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு கணம் தொட்டால் கோன் முன்னால் வர வேண்டும். இரண்டும் ஒரே திசையில் அசைய வேண்டும் என்பதே முக்கியம். பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்கள் பிளஸுக்குப் பின்னால் போகும்படி செய்யப்பட்டவை. அவற்றை மற்றவற்றோடு கலந்தால் ஒன்றின் கம்பிகளை மாற்றிக் கோக்க வேண்டும். துருவம் மாறியிருந்தால் எதுவும் கெடாது, கீழ் ஒலி மட்டும் காணாமல் போகும்.

மூடும் முன் கேபிள் முனையில் மல்டிமீட்டரை வையுங்கள். மேலே சொன்ன கேபினெட்டில் 5.5 முதல் 6.5 ஓம் வரை வர வேண்டும். 12-க்குப் பக்கத்தில் காட்டினால் ஒரு ஸ்பீக்கரின் இணைப்பு விட்டிருக்கிறது. சுமார் 25 என்றால் தவறுதலாகச் சீரிஸில் கோத்துவிட்டீர்கள். எண் சரியாக இருந்தால் மட்டும் ஆம்ப்பைத் தொடுங்கள். புது ஸ்பீக்கரின் விளிம்பு விறைப்பாக இருக்கும், முதல் சில வாரங்களில் அதன் மேல் ஒலி கொஞ்சம் கடினமாகக் கேட்கும். அது இளகிய பிறகு தொனியைப் பற்றி முடிவெடுங்கள்.